மண்ணுக்குப் பிறகு மழை

மிஸ் எதையும் நேராகப் பார்க்கமாட்டார். ஒரு தகட்டைக் கையில் எடுத்தால் அதை யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, தலையையும் அதே பக்கம் சரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு பெருவிரல் நகத்தால் விளிம்பை மெல்ல வருடுவார். நகம் எங்காவது தடக்கினால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். தகட்டுக்கு மட்டும்தான் என்றில்லை. பஸ்ஸில் ஏறினால் பிடிக்கிற கம்பியை முதலில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தேத்தண்ணிக் கிளாஸின் வாயை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் குடிப்பார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். குடிவந்த முதல் நாளே பல்கனிக் கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம், "இதில ஒருத்தரையும் சாய விடாதேங்கோ. உள்ளுக்குள்ள உப்புத் திண்டிட்டுது" என்றாராம்.

"பார்க்க நல்லாத்தானே இருக்குப் பிள்ளை."

"பார்க்க நல்லா இருக்கிறதுதான் பயம்."

இந்தப் பதிலை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஐம்பது வயதை நெருங்கியவர், மணம் முடிக்கவில்லை, காதில் இரண்டு சின்னத் தோடு தவிர வேறு நகை கிடையாது. ஹாஜியார் முதல் கூட்டுகிற பெண் வரை எல்லோருக்கும் அவர் மிஸ்தான்.

ஹாஜியார்தான் எங்கள் முதலாளி. தெமட்டகொடையில் ரயில் யார்டுக்குப் பின்னால் கிடந்த பழைய ரப்பர் தொழிற்சாலையை எடுத்து, பெயின்ற், ரப்பர், உலோகம் இவற்றைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் ஆய்வுகூடமாக நடத்திக்கொண்டிருந்தார். மிஸ் அங்கே இன்ஜினியர். நான் அறிக்கைகளை அடித்துக் கொடுக்கும் டைப்பிஸ்ற். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் புறப்படும்போது அடையாள அட்டை சேர்ட்டுப் பையில் இருக்கிறதா என்று மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன். கொழும்பில் எந்தத் தமிழனும் அப்போது அப்படித்தான்.

கட்டடத்தின் பின்பக்கம், கிணறுபோல வட்டமாகக் கட்டிய கொங்கிறீற் அறை ஒன்று இருந்தது. அதன் நடுவில் மோட்டரில் சுழலும் நீண்ட கை. கையின் இரண்டு நுனியிலும் விரலளவு தகட்டுத் துண்டுகளைப் பூட்டுவார்கள். மேலேயிருந்து ஊசிக் குழாய்கள் வழியே தண்ணீர் துளித்துளியாக விழும். கை சுழல ஆரம்பித்தால் துண்டு ஒரு விமானத்தின் வேகத்தில் துளிகளில் மோதும். முதல் தடவை அதைக் காட்டியபோது, வெறும் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று நான் கேட்டேன். மிஸ் கையை நிறுத்தி, துண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பெயின்ற் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. அம்மைத் தழும்புபோல.

"நிண்டு பாக்கிற ஆளுக்குத்தான் தம்பி மழை தண்ணி. அந்த வேகத்தில போறதுக்கு அது கல்லு."

கை முழு வேகத்துக்கு வரும்போது ஒரு கூவல் எழும். ஒருநாள் காலை, ஊரில் எங்கோ குண்டு வெடித்த செய்தி வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, அந்தக் கூவலைக் கேட்டு அயல் வீட்டுச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டது. மிஸ் வாசலில் நின்று அவர்களைப் பார்த்தார். அன்று அவர் மோட்டரைத் திரும்பப் போடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் அந்த ஒழுங்கையில் வீடுவீடாகப் போய், தமிழிலும் சிங்களத்திலும், "இன்னும் பத்து நிமிசத்தில ஒரு சத்தம் வரும், பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். அவர் வருவதைக் கண்டாலே சிலர் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சாத்திய கதவைத் தட்டிச் சொன்னார்.

மழைக்கு ஒரு சோதனை என்றால் புழுதிக்கு இன்னொன்று. அதற்கு வேறு பெட்டி. அமுக்கிய காற்றில் மணலைக் கலந்து ஒரு குழாயால் துண்டின் மேல் அடிப்பார்கள். கடையில் வாங்கும் வெள்ளை மணல்தான் வழக்கம். ஆனால் வடக்குக்குப் பறக்கும் ஒரு தனியார் விமானக் கம்பனியின் வேலை வந்தபோது மிஸ் அந்த மணலை ஒதுக்கிவிட்டார். அங்கே ஓடுபாதையில் கிளம்புவது செம்மண் புழுதி, அதனால் செம்மண்தான் வேண்டும் என்றார். தெரிந்தவர் ஒருவர் கப்பலில் வரும்போது விமானம் இறங்கும் பலாலிப் பக்கத்துச் செம்மண்ணை ஒரு பால்மாத் தகரப்பேணி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதை எடுக்க நானும் மிஸ்ஸோடு வெள்ளவத்தை அறைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, ஊர் மண் என்று அழத் தொடங்கினார். ஒரு பிடி அள்ளிக் கண்ணில் ஒற்றப் போனார்.

"அம்மா, அள்ளாதேங்கோ," என்றார் மிஸ். "அது சோதினைக்கு. கைவேர்வை பட்டால் கட்டிபட்டுப் போகும்."

அந்த அம்மா அதை நெடுநாள் மன்னிக்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

அதே பேணியோடு பஸ்ஸில் தெமட்டகொடைக்கு வரும்போது ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மிஸ்ஸின் பையைத் திறந்த சிப்பாய் பேணியைத் தூக்கி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மே மொனவத?"

"பஸ், மாத்தயா," என்றார் மிஸ். சிங்களத்தில் பஸ் என்றால் மண். ஆனால் மண்ணைப் பேணியில் போட்டுக்கொண்டு யார் திரிவார்கள்? அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் மண்ணை மேசையில் கொட்டச் சொல்லிப் பேனையால் கிளறினார். நான் சேர்ட்டுப் பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். மிஸ்ஸுக்கும் பதற்றம்தான், ஆனால் அது வேறு பதற்றம். "மேசைத் தூசி கலக்குது மாத்தயா, ஒரு பேப்பரை விரிச்சுப் போட்டுக் கொட்டுங்கோ" என்று சிங்களத்தில் கெஞ்சினார். எதற்கு இந்த மண் என்று அதிகாரி கேட்டார். மிஸ் பையிலிருந்து குழி விழுந்த தகட்டுத் துண்டொன்றை எடுத்து நீட்டி, இந்த மண் பிளேனுக்குச் செய்வது இதுதான் என்றார்.

"எந்தப் பிளேனுக்கு?"

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"ஆக்கள் ஏறுற பிளேனுக்கு," என்றார் மிஸ்.

அதிகாரி துண்டை வாங்கி மிஸ்ஸைப் போலவே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தானே ஒரு காகிதத்தை மடித்து, மண்ணைக் கூட்டிப் பேணிக்குள் விட்டார்.

அந்த விமானக் கம்பனியிடம் இருந்தவை பழைய புரொப்பெல்லர் விமானங்கள். புரொப்பெல்லரின் ஒவ்வொரு இதழுக்கும், காற்றை வெட்டுகிற விளிம்பில், மழையும் புழுதியும் தின்னாமலிருக்க ஒரு பாதுகாப்புப் பட்டி ஒட்டுவார்கள். அவர்கள் புதிதாக எங்கிருந்தோ ஒரு பட்டியைத் தருவித்து ஒட்டி மூன்று கிழமையாகப் பறந்துகொண்டிருந்தார்கள். காப்புறுதிக்காரர் கேட்டதால் ஓர் அறிக்கை தேவைப்பட்டது. மழைக்கு ஒரு சோதனை, புழுதிக்கு ஒரு சோதனை. பட்டி ஒட்டிய நாலு புதுத் தகட்டுத் துண்டுகள் தந்தார்கள். சோதனைக்குப் போட்ட இரண்டும் தப்பின. நான் அறிக்கையை அடிக்கத் தாளைப் பூட்டிவிட்டேன்.

மிஸ் வந்து என் மேசையருகே நின்றார். "பொறுங்கோ தம்பி. அந்தப் பிளேன் அங்க மண்ணுக்குள்ள இறங்குது. அதே நாள் பின்னேரம் இஞ்ச மழைக்குள்ள வருது. நாங்கள் ஒரு துண்டுக்கு மண்ணையும் வேற துண்டுக்கு மழையையும் குடுத்திருக்கிறம்."

மண்ணடித்த அதே துண்டை எடுத்து மழை அறையில் பூட்டினார். கால் மணித்தியாலம் ஓடவில்லை. கையை நிறுத்திப் பார்த்தபோது பட்டி ஒரு பக்கம் கழன்று, காய்ச்சிய பாலின் ஆடைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. மண் குத்திய நுண்ணிய துளைகளுக்குள் தண்ணீர் புகுந்து பசையை விடுவித்திருந்தது. இன்னும் இரண்டு துண்டுகளில் செய்தார். அதேதான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிஸ், அவங்க கேட்டது ரெண்டு டெஸ்ட். ரெண்டும் பாஸ். மூணாவது எங்கட வேல இல்லயே."

"ஒரு இதழில மட்டும் கழண்டால் புரொப்பெல்லர் நிறை மாறும் ஹாஜியார். நடுங்கும். இஞ்சினையே ஆட்டும்."

"தெரியிது. ஆனா நீங்க ஒரு தமிழ் ஆள். வடக்குக்குப் போற பிளேன நிப்பாட்டினது ஆருண்டு கேப்பாங்க. உங்கட ஆக்களும் கேப்பாங்க, அவங்களும் கேப்பாங்க. ரெண்டு பக்கமும் ஏசுவாங்க மகள்."

மிஸ் கழன்ற துண்டை அவர் முன்னால் தள்ளினார். ஹாஜியார் அதைத் தொடவில்லை. தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சரி. எழுதுங்க" என்றார்.

மிஸ் கம்பனி மனேஜருக்குப் போன் எடுத்தார். எதுவானாலும் எழுத்தில் வரட்டும், அதுவரை எங்கள் பயணங்கள் நடக்கும் என்று அவர் வைத்துவிட்டார். மிஸ் ஒரு பக்கம் கையால் எழுதிக் கையெழுத்து வைத்து என்னிடம் கொண்டுவந்தார். மறுநாள் அவரால் வரமுடியாது. தங்கையின் மகனைப் பொலிஸ் பிடித்து வைத்திருந்தது, புதுக்கடைக் கோட்டில் வழக்கு.

"இண்டைக்கே அடியுங்கோ. நாளைக்குக் காலம அவையின்ர ஒபிசில உங்கட கையாலையே குடுக்கவேணும். என்ர எழுத்தையும் சேர்த்துக் குடுங்கோ." திரும்பிப் போனவர் நின்றார். "உங்கட மனிசி வியாழக்கிழமை இதிலதானே வாறா? அப்ப உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

அவர் என்னை நம்பியது அதனால்தான். நான் செய்ததும் அதனால்தான்.

என் மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி. எங்கள் முதல் பிள்ளை கரண்டும் இல்லாமல் டொக்டரும் இல்லாமல் அங்கே பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. இந்த முறை கொழும்புக்குக் கூட்டிவந்து களுபோவில ஆஸ்பத்திரியில் காட்டுவதென்று முடிவெடுத்து, இரண்டு மாதம் அலைந்து, ஊரைவிட்டு வெளிக்கிட ஆமி கொடுக்கும் பாஸை எடுத்திருந்தோம். அந்தப் பாஸ் சனிக்கிழமையோடு முடிகிறது. ஒன்பதாம் மாதம் பிறந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அறிக்கை புதன்கிழமை போனால் வியாழக்கிழமை பிளேன் இல்லை.

மூன்று கிழமை பறந்த பட்டி இன்னும் இரண்டு நாள் பறக்காதா என்று எண்ணினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையை அடித்தேன். ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்தேன். மிஸ்ஸின் தாளையும் சேர்த்து லாச்சியில் வைத்துப் பூட்டினேன். புதன்கிழமை முழுவதும் அந்த மேசையிலேயே இருந்தேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மிஸ் வந்தார். புதுக்கடையில் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்களாம், முகம் வாடியிருந்தது.

"குடுத்தாச்சோ?"

பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் லாச்சியைத் திறந்தேன்.

மிஸ் அந்தத் தாள்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நேராக, இரண்டு கண்ணாலும். "காலமப் பிளேன் போட்டுதோ?" என்றார். எட்டு மணிக்கே போய்விட்டது என்றேன். மனேஜரின் இலக்கத்தைச் சுழற்றினார், எவரும் எடுக்கவில்லை. அறிக்கையையும், கழன்ற துண்டையும், மிச்சம் கிடந்த செம்மண்ணில் ஒரு பொட்டலத்தையும் பைக்குள் போட்டார். விமான நிலையத்துக்கே போய், அங்கேயிருந்து வடக்குக்கு றேடியோவில் சொல்லி, திரும்பிக் கிளம்ப முன்னர் இதழ்களைப் பார்க்க வைக்கப் போகிறேன் என்று ஹாஜியாரிடம் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம்," என்றார்.

விமானம் வருவது மூன்று மணிக்கு. நான் ஒரு மணிக்கே புறப்பட்டேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் யன்னலில் அடித்த ஒவ்வொரு துளியும் எனக்குக் கேட்டது. நான் கும்பிட்டேன். கும்பிட எனக்கு என்ன முகம் என்றும் தோன்றியது, ஆனாலும் கும்பிட்டேன். மூன்று மணிக்கு விமானம் வரவில்லை. மூன்றரைக்கும் இல்லை. வாசலில் என்னைப்போலக் காத்துநின்றவர்கள் மழைதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வேறு காரணம் தெரிந்திருந்தது. நாலு மணிக்குக் கிட்ட, முகிலுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. அது இறங்கி நின்று, பஸ்ஸில் பயணிகளைக் கொண்டுவந்து வாசலில் விடும்வரை வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

என் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பையை வாங்கிக்கொண்டேன். வெளியே போகும் வழி காவலர் அறையைத் தாண்டித்தான் போகிறது. யன்னலால் பார்த்தேன். மிஸ் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், சேலை நனைந்திருந்தது. மேசைமேல் அந்தத் தகட்டுத் துண்டும் செம்மண் பொட்டலமும் விரித்துக் கிடந்தன. பிளேனை நிற்பாட்ட வந்த தமிழ்ப் பொம்பிளை. பைக்குள்ளே உலோகம், தூள். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று விளங்க எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. கதவைத் தள்ளி, இவர் எங்கள் இன்ஜினியர், நான் இவரோடு வேலை செய்பவன் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். மிஸ் தலையைத் தூக்கினார். என்னைக் கண்டார், என் மனைவியையும் கண்டார்.

"ஆர் அது? உங்களைப் பாக்கிறா," என்றாள் மனைவி.

"தெரியேல்லை. மழை கூடுது, வாரும்," என்றேன்.

மறுநாள் காலை காக்கி உடுப்பில் ஒரு வயதான சிங்கள மெக்கானிக் எங்கள் ஆய்வுகூட வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சாண் நீளப் பட்டித் துண்டு. தகட்டோடு வந்த பெண்ணைப் பற்றிக் காவலர்கள் சொல்லிச் சிரித்ததைக் கேட்டாராம். சிரிக்கத் தோன்றவில்லையாம். பிளேன் வந்து நின்றதும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். இடதுபக்க இஞ்சினில் ஓர் இதழில் பட்டி கிளம்பி நாக்குப்போல நீட்டிக்கொண்டிருந்தது. எல்லா இதழிலும் உரித்தெறிந்துவிட்டு, ஒரு துண்டை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். ஹாஜியார் அவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார். நீயும் வாறியா என்று என்னைக் கேட்டார். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் பின்னேரம்தான் போகவேண்டியிருந்தது. மிஸ்ஸைச் சனிக்கிழமைதான் விட்டார்கள்.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். நான் எழுந்து நின்று, "மிஸ், நான்..." என்றேன்.

"மனிசி எப்பிடி இருக்கிறா?"

"சுகம் மிஸ்."

"பிழை என்ரதான்," என்றார். "உங்களிட்டைக் குடுத்துப்போட்டுப் போயிருக்கக் கூடாது."

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து தன் அறிக்கைகளைத் தானே அடித்தார், இரண்டு விரலால், ஒவ்வோர் எழுத்தாக. பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றவர்களின் கடிதங்கள் எனக்கு வந்தன. மிஸ்ஸின் ஒரு தாளும் வரவில்லை.

மகள் பிறந்து ஒரு மாதத்தில் மிஸ் எங்கள் அறைக்கு வந்தார், சொல்லாமல். மனைவி அவரைக் கண்டு யோசித்தாள். காவலர் அறை வாங்கில் இருந்தவர் என்று அடையாளம் பிடித்தாளா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்த பயணத்தைப் பற்றி விசாரித்தார்.

"ஒரே நடுக்கம் அக்கா," என்றாள் மனைவி. "பாதி வழியில துவங்கினது. எல்லாப் பிளேனும் அப்பிடித்தான் ஆக்கும் எண்டு இருந்திட்டன்."

"எந்தப் பக்கம் இருந்தனீங்கள்? மழைக்குள்ள வரமுன்னமோ, வந்தாப் பிறகோ?"

கேட்டுக் கேட்டுக் கைப்பையிலிருந்த சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வழியனுப்பப் படிவரை போனேன்.

"அவவுக்குச் சொல்லேல்லை," என்றார்.

"இல்லை மிஸ்."

"நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

கைபிடியை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டு வருடத்தில் தங்கையின் மகன் வெளியே வந்தான். மிஸ் அவர்களோடு வெளிநாடு போய்விட்டார். எந்த நாடு என்று ஹாஜியாருக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை. ஹாஜியார் மவுத்தாகி அடக்கமான பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

மகளுக்கே இப்போது ஒரு மகள். போன கிழமை மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காரணமும் இல்லாமல், சொல்லத் தொடங்கினேன். லாச்சி, புதன்கிழமை, காவலர் அறை யன்னல், எல்லாம் சொன்னேன். முதல் பிள்ளைக்கு நடந்தது திரும்ப நடந்துவிடும் என்ற பயத்தில்தான், உனக்காகத்தான் என்றும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சேலையையும் மடித்து வைத்தாள்.

"எனக்குப் பக்கத்து சீற்றில ஒரு பெடிச்சி இருந்தவள்," என்றாள். "பன்னிரண்டு வயசு இருக்கும். தனிய வந்தவள். நடுக்கம் துவங்கின உடன என்ர கையைப் பிடிச்சவள், இறங்குமட்டும் விடேல்லை."

எழுந்து போய், மடித்த உடுப்புகளை அலுமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

"எனக்காக எண்டு சொல்லுறியள். அவள் ஆருக்காக ஏறினவள்?"